பெரிசு பார்த்தாச்சு

உலைக்காரர் தட்டை வெளியே இழுத்து வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றாமலேயே நின்றார். வழக்கமாக அந்த நேரத்தில் ஏதாவது ஒரு பாட்டின் நடுவரியை முணுமுணுப்பார். "சூடு, சூடு, தள்ளு" என்று யாருமே நிற்காத பக்கம் பார்த்து அதட்டுவார். அன்று காலை இரண்டும் இல்லை. தட்டில் நாற்பத்தெட்டு சக்கரங்கள் வரிசையாக இருந்தன. தண்ணீர்ப் பம்புக்குள் சுழல்பவை, ஒவ்வொன்றிலும் ஏழு வளைந்த இதழ்கள். ஒரு விரிசல் இல்லை. ஓர் இதழ்கூட உடையவில்லை. இரண்டு நாள் உலைக்குள் கிடந்தவை என்று சொல்ல முடியாதபடி, மங்கிய வெள்ளி நிறத்தில், மழை நின்றபின் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பூக்களைப் போல இருந்தன. வரிசைகளுக்கு நடுவே மட்டும் தட்டு கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது.

"என்ன பொடிசு, எல்லாம் உன்ன மாதிரியே வந்திருக்கு?" என்றார் கடைசியில். சிரிக்கவில்லை.

நான் குள்ளம். போதாக்குறைக்கு, அச்சு இயந்திரத்தை ஓட்டுகிறவளின் தங்கை. பட்டறையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குப் பொடிசு என்று பெயர் விழுந்துவிட்டது. வெர்னியர் அளவுகோலை எடுத்து ஒரு சக்கரத்தின் குறுக்கே வைத்தேன். அறுபது மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஐம்பது இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். ஐம்பது. மூன்றாவதும் ஐம்பது. தப்பாக வந்த பொருளில் இவ்வளவு ஒழுங்கை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. நிமிர்ந்தபோது அக்கா தன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தூரிகையோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த வெர்னியரைப் பார்த்தாள்.

எங்கள் பட்டறையில் நடப்பது இவ்வளவுதான். உருக்குப் பொடியைக் காகிதத்தின் தடிமனுக்குப் பரப்பி, தேவையான இடத்தில் மட்டும் பசைத் துளிகளைத் தெளித்து, அதன்மேல் மறுபடியும் பொடியைப் பரப்புகிறது இயந்திரம். இப்படி நூற்றுக்கணக்கான தடவை. ஒரு நாள் கழித்துப் பொடிக்குள்ளிருந்து அக்கா தோண்டி எடுக்கும் பொருளுக்குப் பச்சை என்று பெயர். பச்சையை விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும். அதை உலையில் வைத்தால் பசை எரிந்துபோகும், துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், நடுவிலிருந்த இடைவெளிகள் மூடிக்கொள்ளும். பொருள் எல்லாப் பக்கமும் ஆறில் ஒரு பங்கு சுருங்கும். அறுபது வேண்டுமென்றால் எழுபத்திரண்டாக அச்சிட வேண்டும். இது மட்டும் என்றால் பெருக்கல் தெரிந்த யாரும் போதும், நான் தேவையில்லை. ஆனால் எதுவும் சமமாகச் சுருங்குவதில்லை. அடிப்பகுதி தட்டைப் பிடித்துக்கொண்டு வர மறுக்கும். ஓரங்கள் தங்கள் எடையாலேயே தொங்கும். மெல்லியது முந்தும், தடித்தது பிந்தும். கணினிக்குள் பொருளை இரண்டு லட்சம் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் சூட்டில் எந்தப் பக்கம் எவ்வளவு நகரும் என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாக வடிவத்தை வளைத்து வைப்பது என் வேலை. கடைசியில் நேராக வருவதற்காக ஆரம்பத்தில் கோணலாகப் பிறக்க வைப்பது.

வாடிக்கையாளர் அனுப்பும் அசல் வடிவத்துக்குப் பட்டறையில் சின்னது என்று பெயர். கணினியில் இந்தக் கணக்கு, அதாவது மாடல், ஓடி முடித்தபின் நான் பெருக்கி வளைத்துக் கொடுப்பது பெரிசு. பெரிசை அப்படியே அச்சிடலாம். சின்னதை அச்சிட வேண்டிவந்தால் இயந்திரத்தின் திரையில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்றிவிட வேண்டும், அதுவே எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பெருக்கிக்கொள்ளும். சுமாரான வேலைக்கு அது போதும். எந்தக் கோப்பு எது என்று தெரிவதற்காக நான் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி இயந்திரத்தின் கண்ணாடியில் ஒட்டுவேன். அந்த விதியை நான் சேர்ந்த வாரம் டீ குடித்தபடி அக்காதான் சொன்னாள்: "பெரிசுன்னு எழுதியிருந்தா அப்படியே போட்டுடுவேன். எழுதலைன்னா ஏத்திப் போடுவேன். அவ்வளவுதான்டி, சீட்டுல கதை எழுதாத." மூன்று வருடம் அந்த ஒரு சொல் எங்களை ஏமாற்றியதில்லை.

சிக்கல் என்னவென்றால், முதலாளிக்கும் பெரிசு என்றுதான் பெயர். உலைக்காரர் வைத்தது. பெரிசு வருது, பெரிசு இன்னைக்கு மூடு சரியில்ல, பெரிசு தலைக்கு மை அடிச்சிருக்கு பாத்தியா. அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம், நானும் சொன்னேன். அக்கா மட்டும் சொன்னதில்லை. யாராவது அவள் முன்னால் சொன்னால் காதில் விழாததுபோல் பொடியைச் சலிக்கத் தொடங்கிவிடுவாள்.

காரணம் எனக்குத் தெரியும். அப்பா படுக்கையில் கிடந்த நான்கு மாதமும் எதிர்வீட்டுப் பெண்மணி மாடிப்படியில் அக்காவை மறித்து, "என்ன, பெரிசு இன்னும் இருக்கா?" என்று கேட்பாள். விசாரிப்புதான், கெட்ட எண்ணம் இல்லை. அப்பாவுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. நோய் அவரை ஒரு போர்வைக்குள் தேட வேண்டிய அளவுக்கு ஆக்கியிருந்தது. அவர் இறந்த அன்று காலையும் அந்தப் பெண்மணி கதவருகில் வந்து, "பெரிசு போயிடுச்சா?" என்றாள். பதினாறு வயது அக்கா கதவைச் சாத்தினாள். அந்தப் பெண்மணியின் முகத்தில் மோதும்படிச் சாத்தினாள். எட்டு வயதில் கட்டிலுக்கடியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டவள் நான். அதன்பிறகு அக்காவுக்கு அந்தச் சொல் பாத்திரத்துக்கும் பெட்டிக்கும் இயந்திரத்தில் போடும் கோப்புக்கும் மட்டும்தான். ஒருமுறை பஸ்ஸில் யாரோ ஒரு வயதானவரை, "பெரிசு, நகரு" என்றதற்காக நாங்கள் இறங்கி மூன்று நிறுத்தம் நடந்திருக்கிறோம்.

அப்பா போய் நான்கு வருடம் கழித்து இந்த நகரத்துக்கு நாங்கள் இரண்டு பெட்டிகளோடு வந்தோம். பெரிய பெட்டியை அக்கா தூக்கிக்கொண்டாள், சின்னதை என்னிடம் தந்தாள். இப்போதும் அவை எங்கள் இரண்டு அறை வீட்டில் அலமாரியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, பதினொரு வருடமாக யாரும் இறக்காமல். அக்கா பட்டறையில் தூள் கூட்டும் வேலையில் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே இயந்திரத்தைக் கற்றுக்கொண்டு, என்னைப் படிக்க வைத்து, அதே பட்டறையில் கணினி முன்னால் உட்கார வைத்தாள். முதல் நாள் என் நாற்காலியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "உக்காருடி, இனிமே இந்தத் தூசியெல்லாம் எனக்கு மட்டும்தான்" என்றாள்.

சீட்டு எழுதியது உலை திறப்பதற்கு ஐந்து நாள் முன்னால். பம்ப் கம்பெனியின் முதல் ஆர்டர், அவசரம். முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவரிடமிருந்து எப்போதும் புதினா மிட்டாய் வாசனை வரும்.

"மாடல் ஓட எவ்வளவு நேரம்மா?"

"முப்பது மணி நேரம் ஆகும் சார். இதழ் எல்லாம் மெல்லிசா இருக்கு."

"ராக்கெட்டா செய்யுறோம்? பம்ப் சக்கரம். மிஷின்லயே ஏத்திவிடச் சொல்லு, போதும். நான் பாத்துட்டேன்." இரண்டடி போய்த் திரும்பினார். "கையோட என் ரூமுக்கு வா. அந்த மாடல் பிரிவு விஷயம் பேசணும். தனியா ஒரு பிரிவு, நீதான் தலைமை. சம்மதம்தானே?"

சம்மதம்தான். ஒரு வருடமாக நான் மனசுக்குள் அந்த அறைக்குத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தேன். அசல் கோப்பை, சின்னதை, எடுத்து அச்சு இயந்திரத்தின் கோப்புறையில் போட்டேன். முதலாளி பார்த்துவிட்டார் என்று சொன்னால்தான் அக்கா உடனே தொடங்குவாள் என்பதால் சீட்டை எடுத்து எழுதினேன். முதல் சொல்லை எழுதியதும் பேனா ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணத்தைப் பிறகு மாடலை ஓட்டுவதுபோல் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சொல் இரண்டு பக்கமும் திரும்பும் என்று தெரிந்துதான் நின்றதா, இல்லை, மை வரவில்லையா? நினைவில் இருப்பது நான் சிரித்தது மட்டும்தான். முதலாளியின் பட்டப்பெயரை அலுவலகச் சீட்டிலேயே எழுதுகிற துணிச்சல் எனக்கு வேடிக்கையாக இருந்தது. 'பெரிசு பார்த்தாச்சு. இன்னைக்கே போடணும்' என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். அக்கா சாப்பிடப் போயிருந்தாள். அவள் வரும்வரை காத்திருக்க எனக்கு நேரம் இல்லை.

அக்கா சாப்பிட்டுவிட்டு வந்து கைகழுவி அந்தச் சீட்டைப் படித்தாள். அவள் புரிந்துகொண்டது இது: பெரிசு பார்த்தாகிவிட்டது. பெருக்கிய கோப்பை என் தங்கை சரிபார்த்துவிட்டாள். அப்படியே போட வேண்டியதுதான். போட்டாள்.

உலை திறந்த அன்று மத்தியானம் முதலாளி எங்கள் இருவரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். மேஜையின்மேல் ஒரு சின்னச் சக்கரம், அதற்குப் பக்கத்தில் என் மஞ்சள் சீட்டு. எதிரே இரண்டு நாற்காலிகள், ஒன்றின்மேல் கோப்புகள் குவிந்திருந்தன. அவர் காலியான நாற்காலியைக் காட்டி என்னைப் பார்த்து, "உக்காரும்மா" என்றார். உட்கார்ந்தேன். அக்கா நின்றாள். அவள் கோட்டிலிருந்து மிக மெல்லிய உருக்குப் பொடி தரைவிரிப்பின்மேல் உதிர்ந்தது, அதை மிதிக்காமலிருக்கக் கால்களைச் சேர்த்துவைத்து நின்றாள்.

"பம்ப் கம்பெனிக்குப் போன்ல சொல்லிட்டேன். அவங்க எழுத்துல கேக்குறாங்க," என்றார் முதலாளி. "தப்பு எங்க நடந்துச்சு, யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு. ஒரு பேர் வேணும் அவங்களுக்கு. ஊரே சேந்து செஞ்சோம்னு எழுதினா அடுத்த ஆர்டர் வராது. அந்தப் பேர்க்காரங்களை இங்க வேலைக்கு வச்சிருக்கவும் முடியாது. சரி, சொல்லுங்க. ஏத்திப் போடச் சொன்னேனே, ஏன் ஏத்தலை?"

"பெரிசுன்னு எழுதியிருந்துச்சு சார்," என்றாள் அக்கா. "பெரிசுன்னு இருந்தா ஏத்தக் கூடாது. ஏற்கெனவே ஏத்தினதுன்னு அர்த்தம்."

அவர் சீட்டை எடுத்துக் கையை நீட்டிக் கண்ணைச் சுருக்கிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்படியா? பெரிசுன்னா என்ன இதுல?"

கேள்வி என்னவோ ரொம்பச் சின்னது. பெரிசு என்றால் பெருக்கிய கோப்பு என்று சொன்னால், பெருக்காத கோப்பைப் போட்டுவிட்டுப் பெருக்கியதாக எழுதியவள் நான், அந்தக் கடிதத்தில் என் பெயர் போகும். பெரிசு என்றால் நீங்கள் என்று சொன்னால், சீட்டில் கோப்பைப் பற்றி ஒன்றுமே இல்லை, விதிப்படி ஏற்ற வேண்டியவள் அக்கா. மூன்றாவதாக ஒன்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொண்டது எங்கள் எல்லோர் தப்பும், முப்பது மணி நேரம் தராமல் விரட்டியது உங்கள் தப்பு, சீட்டை ஒட்டிவிட்டு உங்கள் பின்னால் ஓடி வந்தது என் தப்பு என்று. அந்தப் பதிலை நான் முழுசாக யோசித்து முடித்தேன். வாய்க்கு வந்தது வேறு.

"பெரிசுன்னா... நீங்கதான் சார்."

அறைக்கு வெளியே இயந்திரம் ஒரு தடவை பொடி பரப்பி முடித்து அடுத்ததைத் தொடங்கும் சத்தம் கேட்டது. முதலாளியின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு கன்னங்கள் துடித்தன, பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். மேஜையைத் தட்டிச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நானா? நானா பெரிசு? பெரிசு பார்த்தாச்சு! அட, அட. என் முகத்துக்கு நேரா சொல்றியே, உனக்கு எவ்வளவு தைரியம்மா! இதுதான், இதுதான் எனக்குப் பிடிச்சது." மூச்சு வாங்கிக்கொண்டு, அதே சிரிப்போடு கேட்டார்: "எல்லாருமே அப்படித்தான் கூப்பிடுறீங்களா? உங்க அக்காவுமா?"

அவர் வேடிக்கைக்காகத்தான் கேட்டார். ஆனால் எல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. அக்கா அப்படிக் கூப்பிட மாட்டாள், ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, அவளுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் என்று நான் சொல்லியிருந்தால் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்திருப்பார். அவர் முட்டாள் இல்லை.

"எல்லாரும்தான் சார்," என்றேன்.

அதுவரை உண்மையைத்தான் சொல்லியிருந்தேன். பொய் அந்த ஒரு சொல் மட்டும்தான்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேஜையிலிருந்த சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி அவள் பக்கம் திரும்பி, "அப்போ உங்களுக்குப் புரிஞ்சிருக்கணுமே?" என்றபோது, மெதுவாகச் சொன்னாள்: "அவங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்."

'அவங்க' என்றது அலுவலக மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். பதினொரு வருடத்தில் முதல் முறையாக வெளிச்சம் இருக்கும்போதே குளித்து முடித்து, ஜன்னலோரம் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றினேன். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"சாப்பிடுறீங்களா?"

வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்து நான் உள்ளறையை எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"அக்கா, என்ன இது?"

"முட்டை வாங்கி வச்சிருக்கேன். சூடா வேணும்னா போட்டுத் தரேன். இல்ல, அப்புறமா சாப்பிடுறதுன்னாலும் சரிங்க."

"அக்கா, திட்டு. நாலு அறை வேணும்னாலும் அறை. இப்படிப் பேசாத."

"உங்களை நான் எதுக்குங்க திட்டணும்?" என்றாள், உண்மையிலேயே புரியாதவள் மாதிரி. குரலில் ஒரு மடிப்புகூட இல்லை. வங்கியில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கிறவரிடம் பேனா கேட்பாளே, அந்தக் குரல். சின்ன வயதில் கோபம் வந்தால் சடையைப் பிடித்து இழுப்பாள், நாயே பேயே என்பாள், சட்டியைத் தரையில் வைக்கிற வேகத்தில் அவள் கோபத்தின் அளவு தெரியும். அதெல்லாம் எனக்குப் பழக்கம். இந்த மரியாதையை எந்தப் பக்கம் பிடித்து வளைப்பது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து பொடிசு, டி, ஏய் எல்லாம் நின்றுபோயின. காலையில், "குளிச்சிட்டீங்களா, நான் போகலாமா?" மாலையில், "வந்துட்டீங்களா?"

ஒரே ஒரு முறை அவளாக அந்த விஷயத்தைப் பேசினாள். பட்டறையில் கடைசி நாள் முடிந்து, அவள் கோட்டைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். திருப்பிக் கொடுக்க வேண்டிய கோட்.

"பம்ப் கம்பெனில மாதிரிச் சக்கரம் ஒண்ணு கொடுத்திருந்தாங்கல்ல, அதை வச்சு ரெண்டு தட்டு ஆகும்னு கணக்கு போட்டிருந்தேன். போட்டுப் பாத்தா நாப்பத்தெட்டும் ஒரே தட்டுல அடங்கிடுச்சு. எனக்கு ஆச்சரியம். மாடல்ல ஏதோ புதுசாக் கண்டுபிடிச்சு ஒடுக்கமாப் பண்ணியிருக்கீங்கன்னு நினைச்சேன். உலைக்காரர்கிட்ட வேற, என் தங்கச்சி மூளையப் பாத்தீங்களான்னு சொன்னேன்." கோட்டின் கையை உதறி நீட்டிவிட்டாள். "சந்தேகம் வந்தா கேக்கணும். கேக்காதது என் தப்புதாங்க."

கடிதம் போனது. அதில் அவள் பெயர் போனது. முதலாளி அவளுக்கு நல்லபடியாக ஒரு சான்றிதழ் எழுதித் தந்து, கையைப் பிடித்துக் குலுக்கி, வெளிவாசல்வரை வந்து வழியனுப்பினார். உலைக்காரர் மட்டும் வரவில்லை. உலைக்குப் பின்னால் நின்று ஏதோ ஒரு குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவர் என்னைப் பொடிசு என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். மேடம் என்கிறார்.

மஞ்சள் சீட்டுகளுக்குப் பதிலாக அச்சடித்த படிவம் வந்தது. 'பெரிதாக்கப்பட்டது', 'பெரிதாக்கப்படாதது' என்று இரண்டு கட்டங்கள், எதிரே கையெழுத்து. பெரிசு என்ற சொல்லைப் பட்டறைக்குள் யாரும் எழுதக் கூடாது என்று உத்தரவு. ஆனால் முதலாளிக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. காலையில் கதவைத் தள்ளிக்கொண்டு வரும்போதே, "பெரிசு வந்தாச்சு!" என்று சத்தமாகச் சொல்வார். நாங்கள் சிரிக்க வேண்டும். சிரித்தோம். எனக்குத் தனி அறை கிடைத்தது, திரைச்சீலையோடு. இயந்திரத்துக்கு வந்த புது ஆள் ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று தடவை என் அறைக்கு வந்து, "மேடம், ஏத்தவா வேணாமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். மூன்று தடவையும் கையெழுத்து வாங்குவார்.

பம்ப் சக்கரத்துக்கு முப்பது மணி நேரம் மாடல் ஓட்டினேன். இந்த முறை யாரும் அவசரப்படுத்தவில்லை. ஏழு இதழ்களையும் எதிர்ப்பக்கம் வளைத்து, அடிப்பகுதியைக் கொஞ்சம் குடைந்து, பார்க்கச் சகிக்காத ஒரு வடிவத்தை அனுப்பினேன். உலையிலிருந்து நாற்பத்தெட்டும் அறுபது மில்லிமீட்டரில் வந்தன, தலைமுடிக்கும் குறைவான பிழையோடு. மாடல் பிரிவின் முதல் வெற்றி என்று முதலாளி எல்லோருக்கும் கேக் வாங்கித் தந்தார். என் பங்கைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

"எல்லாம் சரியா வந்துடுச்சுக்கா. அறுபதுக்கு அறுபது."

"ரொம்ப சந்தோஷங்க," என்றாள். கேக்கைத் தட்டில் வைத்து, பாதியை வெட்டி என் பக்கம் நகர்த்தி, தன் பாதியை முழுவதும் சாப்பிட்டாள். மிச்சம் வைத்திருந்தாலாவது என்னால் தாங்க முடிந்திருக்கும்.

மறுநாள் காலை முதலாளியின் அறைக்குப் போனேன். இரண்டே வாக்கியம். அக்கா ஒரு நாளும் உங்களை அப்படிக் கூப்பிட்டதில்லை சார். அது எனக்குத் தெரிந்தே அன்றைக்குப் பொய் சொன்னேன் சார். பஸ்ஸில் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன், மூன்றாவது நிறுத்தத்தில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போகும் அளவுக்கு. கதவைத் திறந்தேன். அவர் போனில் இருந்தார். என்னைப் பார்த்ததும் வாய்ப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டு, "பெரிசு பிஸி!" என்று கண்ணைச் சிமிட்டினார். நானும் சிரித்தேன். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு என் அறைக்கு வந்து, இன்னொரு பொருளை இரண்டு லட்சம் துண்டுகளாக வெட்ட ஆரம்பித்தேன். பிறகு போகவில்லை. போக முடியாத காரணம் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது, அவ்வளவுதான்.

அக்காவுக்குப் பெரிய சலவை நிலையம் ஒன்றில் வேலை கிடைத்தது. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை நீராவி இயந்திரத்தில் தேய்க்கிற வேலை. முதல் வாரம் முன்கையில் ஒரு சிவப்புத் தழும்போடு வந்தாள். மருந்து தடவட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க, பழகிடும்." சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, அந்த மாதங்களில் முதல்முறையாகச் சிரித்தாள். "நல்லாத்தான் இருக்கு பாருங்க. உங்களுக்குச் சுருக்கம் கணக்குப் போடுற வேலை, எனக்குச் சுருக்கம் எடுக்கிற வேலை. குடும்பத் தொழில் ஆயிடுச்சு."

நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் அது எனக்காகச் சொன்னது இல்லை என்று தெரிந்தது. அவள் முகம் ஏற்கெனவே ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. சலவை நிலையத்தார் வேறு ஊரில் ஒரு கிளை திறக்கப்போகிறார்களாம், தங்க இடமும் தருகிறார்களாம், ஆள் கேட்கிறார்களாம் என்று அப்போதே சொன்னாள், இருமலுக்கு நடுவில் சொல்வதுபோல. போகப்போகிறாயா என்று நான் கேட்டிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை வீட்டுக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது, என் சாவியால் திறந்தேன். தரை துடைத்து இன்னும் ஈரம் காயவில்லை. கொடியில் என் துணிகள் மட்டும் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தன. அடுப்பின்மேல் ஒரு பாத்திரம், தொட்டால் வெதுவெதுப்பாக, மூடி போட்டு இருந்தது. மேஜையின்மேல் ஒரு மஞ்சள் சீட்டு. பட்டறையில் நிறுத்தப்பட்ட அதே சீட்டு, பழைய கட்டு ஒன்று அவளிடம் மிஞ்சியிருக்க வேண்டும். பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் ஐம்பது மில்லிமீட்டர் சக்கரம் ஒன்றை வைத்திருந்தாள். அதை எப்போது எடுத்து வந்தாள் என்று எனக்குத் தெரியாது. சக்கரத்தை நகர்த்தினேன். கதை எழுதாத கையெழுத்து.

'பெரிசை எடுத்துக்கிட்டேன். சின்னது உங்களுக்கு.'

நாற்காலியை அலமாரிக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு ஏறினேன். மேலே பதினொரு வருடத் தூசி ஒரு மெல்லிய கம்பளம்போல் படிந்திருந்தது. பெரிய பெட்டி இருந்த இடத்தில் மட்டும் தூசியே இல்லாத ஒரு செவ்வகம், மூலைகள் வெட்டியெடுத்ததுபோல் கூர்மையாக. அதற்குப் பக்கத்தில் சின்னப் பெட்டி. ஏன் என்று தெரியாமல் சின்னப் பெட்டியை இழுத்து அந்தச் செவ்வகத்துக்குள் வைத்தேன். ஒரு விளிம்பை ஒட்டி வைத்தால் எதிர்விளிம்பில் இடம் அதிகமாகத் தெரிந்தது. கொஞ்சம் நகர்த்தினேன். மறுபடி நகர்த்தினேன். நடுவில் வந்து நின்றபோது, பெட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் மரம் புதிதாகப் பளபளத்தது.